சக்ரதர்பூர் கணக்கு: ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு

ஹவுரா–மும்பை ரயில் பாதையில் டாடாநகரைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் சக்ரதர்பூர் வரும். ஜார்க்கண்டின் மேற்கு சிங்பும் மாவட்டத்தில் உள்ள ரயில்வே ஊர். சுற்றிலும் சால் மரக் காடும் நெல் வயலும். தெற்கே போனால் இரும்புத் தாதுச் சுரங்கங்கள். ஹோ, முண்டா, சந்தால் என்று பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. ‘ஏக்ஜுட்’ என்ற தொண்டு நிறுவனத்தின் தலைமையிடம் இங்கேதான். இந்தியில் அந்தச் சொல்லுக்கு ‘ஒன்றுசேர்ந்த’ என்று பொருள். டாக்டர் பிரசாந்த திரிபாதியும் டாக்டர் நிர்மலா நாயரும் தொடங்கிய நிறுவனம்.

இந்த நிறுவனமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் குழந்தைகள் நல ஆய்வாளர்களும் சேர்ந்து 2005 முதல் 2008 வரை ஒரு ஆய்வு நடத்தினார்கள். பிறந்து 28 நாளுக்குள் குழந்தைகள் இறப்பதை, ஊர்ப் பெண்கள் கூடிப் பேசித் தாங்களே வழி தேடுவதன் மூலம் குறைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று பதில் வந்தது. பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் அந்தப் பதிலுக்காக இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். நான் இதைத் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் வேறு. இருபது வருடமாகத் தொண்டு நிறுவனங்களில் களப்பணி பார்க்கிறேன். ஆய்வாளர்கள் எங்களைத் தேடி வருவார்கள். ஊருக்குள் அழைத்துப் போவோம், தலைவரிடம் பேசி விடுவோம், மொழிபெயர்ப்போம், வீடு காட்டுவோம். கடைசியில் கட்டுரையின் நன்றிப் பகுதியில் நிறுவனத்தின் பெயர் ஒரு வரியில் வரும். ஏக்ஜுட் அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர்கள் ஊருக்கு வழி காட்டிவிட்டு ஒதுங்கவில்லை, ஆய்வையே நடத்தினார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1990களில் பொலிவியாவின் மலைப்பகுதியில் ‘வார்மி’ என்ற திட்டத்தில் பெண்கள் குழுக்கள் பிரசவம் பற்றிக் கூடிப் பேசின. அதையொட்டி நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் ‘மிரா’ என்ற நேபாள அமைப்பு, அதே லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. பச்சிளம் குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைந்தது என்று 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சரி, ஒரு மலை மாவட்டத்தில் நடந்தது, சிங்பும் காட்டு ஊர்களில் நடக்குமா? அதைப் பார்க்கத்தான் சக்ரதர்பூர் ஆய்வு.

கூட்டத்தில் என்ன நடந்தது

மேற்கு சிங்பும், சராய்கேலா கர்சவான், ஒடிசாவின் கேந்துஜர் என்று மூன்று மாவட்டங்கள். அவற்றில் 36 பகுதிகள், மொத்தம் சுமார் 2,28,000 மக்கள். பாதிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே மட்டும் பெண்கள் குழுக் கூட்டங்கள் நடந்தன. மொத்தம் 244 குழுக்கள். அவற்றில் 172 ஏற்கெனவே அந்த ஊர்களில் இருந்த குழுக்கள். மாதாமாதம் காசு சேர்த்துக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள். 72 குழுக்களைத்தான் புதிதாகத் தொடங்கினார்கள்.

இந்த எண்களை நான் சும்மா கடந்து போக மாட்டேன். வெளியிலிருந்து வரும் திட்டம் எதுவானாலும் தனக்கென்று புதுக் குழு தொடங்கும், புது ரிஜிஸ்டர் போடும், திட்டம் முடிந்ததும் அந்தக் குழுவும் கலைந்துவிடும். இருக்கிற குழுவோடு வேலை செய்ய வேண்டுமானால் எந்த ஊரில் எந்தக் குழு உயிரோடு இருக்கிறது, எது பெயருக்கு மட்டும் ஓடுகிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். லண்டனிலிருந்து வரும் யாருக்கும் அது தெரியாது. அந்த ஊர்களிலேயே கிடந்து வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு முறை, மொத்தம் 20 கூட்டம். நடத்தியவர்கள் நர்ஸ்களோ டாக்டர்களோ இல்லை. அதே பகுதிப் பெண்கள். உள்ளூர் மொழி பேசத் தெரிய வேண்டும், ஊர் ஊராகப் போய்வர முடிய வேண்டும். ஒருவருக்கு மாதம் பதின்மூன்று குழு. சில நாள் பயிற்சி, கையில் படம் வரைந்த அட்டைகள், அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோகிறது. ஏன் இறந்தது? உடம்பு சில்லிட்டுவிட்டது. ஏன் சில்லிட்டது? பிறந்ததும் துடைக்காமல் தரையில் கிடத்திவிட்டார்கள். ஏன் கிடத்தினார்கள்? நஞ்சுக்கொடி விழும்வரை எல்லோரும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் குழந்தையைப் பார்க்க ஆளில்லை? இப்படி ‘ஏன்’ மேல் ‘ஏன்’ போட்டுக்கொண்டே போகும் விளையாட்டு அது. ஐந்தாவது ‘ஏன்’ வரும்போது பேச்சு மருத்துவத்தை விட்டு வெளியே வந்திருக்கும். கையில் காசில்லாமை, வண்டி கிடைக்காத இரவு, கர்ப்பிணி கடைசி நாள்வரை வயலில் நிற்பது என்று போகும். எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது என்பதையும் அவர்களே வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். அப்புறம் என்ன செய்யலாம் என்று திட்டம், அதை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசுதல், செய்து பார்த்தல், கடைசியில் செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தல்.

‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்று யாரும் பாடம் நடத்தவில்லை. ஆய்வாளர்களுக்கு இது எளிதான காரியம் இல்லை. மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் ஆய்வில் எல்லோருக்கும் ஒரே மாத்திரை. இங்கே 244 குழுவும் 244 விதமாக முடிவெடுக்கலாம். கூட்டத்தின் வடிவம்தான் ஒன்று, உள்ளே பேசி எடுக்கும் முடிவு அந்தந்த ஊரைச் சேர்ந்தது. அதை அப்படியே ஒரு கறாரான ஒப்பீட்டு ஆய்வுக்குள் அனுமதித்தது அந்த லண்டன் குழுவின் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன், அது நல்ல அறிவியல். ஆனால் எத்தனையோ ஆய்வாளர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணியவர்கள்

இந்த ஊர்களில் பெரும்பாலான பிரசவம் வீட்டில் நடந்தது. பிறந்து மூன்று நாளில் இறந்த குழந்தை எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் ஆய்வின் உயிரே எண்ணிக்கையில் இருந்தது. ஏறக்குறைய 250 வீட்டுக்கு ஒருவர் என்று உள்ளூர் ஆள் ஒருவரை நியமித்தார்கள். பிறப்போ இறப்போ நடந்தால் அவர் சேதி சொல்வார், அதற்குச் சிறு தொகை உண்டு. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஒரு களப்பணியாளர் அந்த வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து, தாயிடம் பேசி எழுதிக்கொள்வார். குழந்தை இறந்திருந்தால் என்னென்ன அறிகுறி இருந்தது, எந்த நேரம், யார் பார்த்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

கூட்டம் நடத்துபவர்கள் வேறு, எண்ணுபவர்கள் வேறு என்று வைத்திருந்தார்கள். தன் கூட்டம் வெற்றி என்று காட்டும் ஆசை யாருக்கும் எண்ணிக்கையில் புகுந்துவிடக் கூடாதே. மூன்று வருடத்தில் 19,030 பிறப்புகள் பதிவாயின.

இறந்த குழந்தையைப் பற்றித் தாயிடம் கேட்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அந்த அளவுக்குக் கடினமான கணக்கெடுப்பில் இருந்ததில்லை. ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தருமபுரிப் பக்கம் ஒரு மலையடி ஊரில், ஒரு ஆய்வுக் குழுவுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் நிறுவனம்தான் வழிகாட்டி. பெண்களிடம் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு அக்கா திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “தம்பி, போன வருசமும் நீங்கதானே வந்தீங்க? அன்னைக்கு எடுத்துட்டுப் போன ரத்தத்துல என்ன இருந்துச்சு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஆய்வுக் குழுவிடம் போன் போட்டுக் கேட்டேன். முடிவுகள் இருக்கின்றன, ஆனால் தனித்தனியாகச் சொல்வதற்கு ஏற்பாடு இல்லை என்றார்கள். பல முறை கேட்ட பிறகு பட்டியல் வந்தது. அந்த அக்காவுக்கு ரத்தச் சோகை, நன்றாகவே இருந்தது. ஒரு வருடமாக அந்த விவரம் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. அவர் அந்த ஒரு வருடமும் தலைச்சுற்றலோடு கூலி வேலைக்குப் போய்வந்திருக்கிறார். அந்த ஆய்வுக் குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒப்பந்தத்தில் அந்த வேலை எழுதப்படவில்லை, எழுதச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. கேட்காதது எங்கள் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஊர் எங்களை நம்பித்தான் கையை நீட்டியது.

அதன் பிறகுதான் ஏக்ஜுட் கட்டுரையை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன்.

முடிவும் அதிலுள்ள உறுத்தலும்

குழுக்கள் நடந்த பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு பச்சிளம் குழந்தை இறப்பு முதல் வருடம் 55.6, இரண்டாம் வருடம் 37.1, மூன்றாம் வருடம் 36.3. குழு இல்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் 53.4, 59.6, 64.3. மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு வருடத்தை மட்டும் எடுத்தால் 45 சதவீதம்.

எது குறைத்தது என்று பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் போவது கூடவில்லை. வீட்டுப் பிரசவம்தான் மாறியது. பிரசவம் பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கொதிக்கவைத்த நூலால் தொப்புள்கொடியைக் கட்டினார்கள். சுத்தமான விரிப்பு போட்டார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுப்பது கூடியது. எல்லாம் பேசிப் பேசி வந்த மாற்றம். முதல் வருடம் புதிதாகக் கர்ப்பமான பெண்களில் 18 சதவீதம்தான் குழுவுக்கு வந்தார்கள், மூன்றாம் வருடம் 55 சதவீதம். பிற்பாடு நடந்த அலசலில், மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களில்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. திட்டங்களின் பலன் எப்போதும் வசதியானவர்களையே முதலில் போய்ச் சேரும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய செய்தி.

தாயின் மனச்சோர்வு குறையும் என்றும் எதிர்பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குறையவில்லை. மூன்றாம் வருடத்தில் மட்டும் நடுத்தர அளவு மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அந்த ஒப்பீட்டுப் பகுதிக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 53, 59, 64. அங்கேயும் 250 வீட்டுக்கு ஒரு ஆள் இருந்தார். அங்கேயும் ஆறு வாரம் கழித்து ஒருவர் போய் எழுதினார். எழுதியவர்கள் அதே நிறுவனத்தின் ஆட்கள். எண்ணிக்கொண்டு மட்டும் இருப்பது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு பாரம்! பல்கலைக்கழகத்துக்கு அது ‘ஒப்பீட்டுப் பகுதி’. தொண்டு நிறுவனத்துக்கு அது நாளைக்கும் போய் நிற்க வேண்டிய ஊர். ஒப்பீடு இல்லாவிட்டால் எது வேலை செய்கிறது என்று தெரியாது, தெரியாவிட்டால் அரசை நம்பவைக்க முடியாது. இந்த நியாயம் எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் அந்த 64.3 என்ற எண்ணைத் தாண்டிப் போக எனக்கு நேரம் ஆகிறது.

அந்தப் பாரத்துக்கு அவர்கள் இரண்டு விதமாகப் பதில் செய்தார்கள். முதலாவது, சுகாதாரச் சேவை பற்றி ஊர் மக்கள் பேசுவதற்கான சுகாதாரக் குழுக்களை 36 பகுதிகளிலும் அமைத்தார்கள். ஒப்பீட்டுப் பகுதிகளும் வெறுங்கையோடு விடப்படவில்லை. இரண்டாவது, 2008இல் ஆய்வு முடிந்ததும் ஒப்பீட்டுப் பகுதிகளிலும் பெண்கள் குழுக் கூட்டங்களைத் தொடங்கினார்கள். 2011 வரை தொடர்ந்து எண்ணவும் செய்தார்கள். முதலில் குழு நடந்த ஊர்களில் பலன் நிலைத்தது, பின்னால் தொடங்கிய ஊர்களிலும் இறப்பு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2013இல் அது கட்டுரையாகவும் வந்தது. ஊருக்குச் செய்ய வேண்டிய கடமையே அறிவியலுக்கும் இன்னொரு ஆதாரமாகிவிட்டது. தொண்டு நிறுவனம் இல்லாமல் பல்கலைக்கழகம் மட்டும் வந்திருந்தால் 2008இல் பெட்டியைக் கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பெயரும் பணமும்

2010இல் லான்செட்டில் வெளியான கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் பிரசாந்த திரிபாதி, இரண்டாவது நிர்மலா நாயர். ஏக்ஜுட்டின் களப் பொறுப்பாளர்கள் பலருடைய பெயரும் அதே வரிசையில் இருக்கின்றன. லண்டன் பேராசிரியர் ஆந்தணி காஸ்டெல்லோவின் பெயர் கடைசியில். கடைசி இடம் மருத்துவ இதழ்களில் மூத்தவருக்கான மரியாதை இடம்தான், அதனால் அவருக்கும் குறைவில்லை. ஆனால் அந்த முதல் இடத்தால் என்ன மாறும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆய்வுக்கு நிதி கேட்டு நீங்களே எழுதலாம். மாநிலச் சுகாதாரச் செயலர் முன்னால் உங்கள் கணக்கை நீங்களே எடுத்து வைக்கலாம். கேள்விக்கு யாரும் லண்டனைப் பார்க்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரிட்டனின் அறக்கட்டளைகளும் அரசு உதவியும்தான் நிதி கொடுத்தன. லண்டனைச் சேர்ந்த ‘விமன் அண்ட் சில்ட்ரன் ஃபர்ஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனமும் துணை நின்றது. பிழைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் கூடுதலாக ஆன செலவு 910 டாலர் என்று கட்டுரையே கணக்குக் காட்டுகிறது. செலவை வெளிப்படையாகச் சொன்னது அரசுகளோடு பேசும்போது உதவியிருக்கும்.

பலிக்காத இடங்கள்

இதே முறை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. லான்செட்டின் அதே இதழில் வங்கதேச ஆய்வும் வந்தது. அங்கே நீரிழிவு நோயாளர் சங்கம் அதே லண்டன் குழுவோடு சேர்ந்து நடத்தியது. குறிப்பிடும்படியான பலன் இல்லை. சிங்பும் பக்கம் 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. கர்ப்பிணிகளில் மிகச் சிலரே கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். சங்கம் அதோடு விட்டுவிடவில்லை. குழுக்களைப் பல மடங்கு கூட்டி, 309 பேருக்கு ஒன்று என்று கொண்டுவந்து மறுபடியும் எண்ணினார்கள். இம்முறை 38 சதவீதம் குறைந்தது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் ‘ஸ்நேஹா’ அமைப்பு நடத்திய ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. பச்சிளம் குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய அமைப்பு. 48 குடிசைப் பகுதிகளை எடுத்து, அவற்றில் பாதியில் மூன்று வருடம் பெண்கள் குழுக் கூட்டங்கள் நடத்தி எண்ணிப் பார்த்தார்கள். பிரசவக் காலப் பராமரிப்பில் வேறுபாடு தெரியவில்லை, பச்சிளம் குழந்தை இறப்பும் குறையவில்லை. அதை 2012இல் அப்படியே வெளியிட்டார்கள். நகரத்தில் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, ஏற்கெனவே பெரும்பாலான பிரசவம் அங்கேதான், சனமும் அடிக்கடி வீடு மாறும். காரணங்களை யோசிக்கலாம். ஆனால் ஒரு தொண்டு நிறுவனம், தன் மூன்று வருட உழைப்பு இந்தக் கணக்கில் தெரியவில்லை என்று நிதி கொடுப்பவர்கள் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ஆண்டறிக்கை எழுதிப் பழகிய கைக்கு அது வராது. ஆய்வாளர்களிடமிருந்து தொண்டு நிறுவனங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்படிப் பலித்ததும் பலிக்காததுமாக ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் குழுவுக்கு வந்த இடங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது தெரிந்தது. 2014இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

அரசின் கைக்கு

கூட்டம் நடத்தும் பெண்களுக்குத் தொண்டு நிறுவனம் எத்தனை காலம் சம்பளம் கொடுக்கும்? ஏக்ஜுட் அடுத்துக் கையில் எடுத்தது அந்தக் கேள்வியை. ஒவ்வொரு ஊரிலும் ‘ஆஷா’ என்ற அரசின் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் இருக்கிறார். அவரே கூட்டம் நடத்தினால்? 2009 முதல் 2012 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் 30 பகுதிகளில் சோதித்தார்கள். 31 சதவீதம் குறைந்தது. அப்புறம் தேசியச் சுகாதார இயக்கத்தின் வழியாக ஜார்க்கண்ட் அரசே ஆஷாக்களை வைத்துப் பெரிய அளவில் நடத்தியது. அதையும் எண்ணினார்கள். 2021இல் வெளியான முடிவு 24 சதவீதம். அளவு பெருகும்போது பலன் கொஞ்சம் மங்கும், அது எதிர்பார்த்ததுதான். ஒரு ஆஷாவுக்கு இருக்கிற நூறு வேலையில் இதுவும் ஒன்று என்பதையும், அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை எவ்வளவு குறைவு என்பதையும் நினைத்துப் பார்த்தால் 24 எனக்குப் பெரிய எண்.

நேபாள முடிவு வந்த 2004இலிருந்து கணக்குப் போட்டால் பதினேழு வருடம். ஆய்வு மானியங்கள் பொதுவாக மூன்று வருடம், ஐந்து வருடம். லண்டன் குழுவில் ஆட்கள் மாறினார்கள், நிதி கொடுத்தவர்கள் மாறினார்கள். சக்ரதர்பூர் அலுவலகம் அங்கேயே இருந்தது.

எங்கள் பக்கம் திரும்பி வருகிறேன். தருமபுரி அனுபவத்துக்குப் பிறகு அடுத்த ஆய்வுக் குழு எங்களைத் தேடி வந்தபோது, கையெழுத்துப் போடும் முன் மூன்று நாள் உட்கார்ந்து பேசினோம். எடுக்கும் ரத்தத்தின் முடிவு இரண்டு வாரத்துக்குள் அந்தந்தப் பெண்ணின் கையில் சீட்டாகப் போக வேண்டும், குறை இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு நாங்கள் கூட்டிப்போகும் வண்டிச் செலவு பட்ஜெட்டில் இருக்க வேண்டும், ஆய்வு முடிந்ததும் ஊருக்கு ஒரு நாள் உட்கார்ந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்றோம். முதல் நாள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே தேதி போட்டுக் கொடுத்தார்கள். தார்ப்பாய், டீ, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து மொத்தத் தொகையில் தேடினாலும் கண்ணில் படாத செலவு. எங்கள் ஆட்கள் இரண்டு பேருடைய பெயர் கட்டுரையில் வர வேண்டும் என்பதற்கு இன்னும் சம்மதம் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் பேசப் போகிறோம்.